வலப்பக்க இரைச்சல்

என் மகளுக்கு இடது காது கேட்காது என்பதை எனக்குக் காட்டிக்கொடுத்தது நான் வீட்டில் செய்த, சத்தத்தைப் பெருக்கும் ஒரு சிறிய விரியலாக்கி. அவளுக்கு இப்போது பதினொரு வயது. வைத்தியர் சொல்வதைப் பார்த்தால் நாலு வயதிலிருந்து கேட்டிருக்காது. "ஒரே வீட்டில இருந்துகொண்டு எப்படித் தெரியாமல் போனது?" என்று கேட்கிறார்கள். வாயால் சொல்லத் தொடங்கினால் பாதியில் நின்றுவிடுகிறேன். அதனால் எழுதுகிறேன்.

நான் கண்டியில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிப்பவள். ஊர் யாழ்ப்பாணம். கணவர் புசல்லாவைக்காரர். அங்கே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை, சனிக்கிழமை பின்னேரம்தான் வீட்டுக்கு வருவார். பேராதனை வீதியிலிருந்து மேலே ஏறும் ஒரு ஒழுங்கையில் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். கீழே வீட்டுக்காரர், வயதான சிங்களத் தம்பதி, பகலில் தூங்குவார்கள். ஆகவே எங்கள் வீட்டில் பாட்டு என்றால் ஹெட்போனில்தான்.

கணவரின் தோட்டத்துப் பக்கம் பழைய கிளப் ஒன்றை மூடினார்கள். அங்கே கிடந்த ரெக்கோட் பிளேயரையும் ஒரு பெட்டி இசைத்தட்டுகளையும் யாருக்கும் வேண்டாமென்று இவர் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். பிளேயர் சுழன்றது, பாட்டு வரவில்லை. ஊசியிலிருந்து வரும் மின் அவ்வளவு சின்னது. அதோடு, இசைத்தட்டை வெட்டும்போதே அடித்தொனியைக் குறைத்து, கீச்சுத்தொனியைக் கூட்டித்தான் வெட்டுவார்கள். இடையில் ஒரு சுற்று இருந்து அந்த மின்னைப் பெருக்கி, குறைத்ததைக் கூட்டி, கூட்டியதைக் குறைக்க வேண்டும். கடையில் வாங்கலாம். ஆனால் அதற்குள் இருப்பது செயற்பாட்டு விரியலாக்கி. வருடா வருடம் நான் கரும்பலகையில் கீறும் அதே முக்கோணம். நானே செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

கரும்பலகையில் அது மிகவும் நல்ல பிள்ளை. அதன் பெருக்கம் முடிவிலி. அது சூடாகாது, இரையாது, கத்தாது. மணிக்கூட்டுக் கோபுரத்தடிக் கடையில் அதைக் கேட்டால் எட்டுக் காலுள்ள கறுப்புப் பூச்சி ஒன்றைக் கையில் தருவார்கள். முதலில் 072 என்ற பழைய ஐசியை வாங்கினேன். நிதானமானது, எதிலே போட்டாலும் வேலை செய்யும், கொஞ்சம் இரையும். இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்றாக, கழற்றி மாற்றக்கூடிய சொக்கற்றில் வைத்தேன். சுற்றுப் பலகையில் எல்லாவற்றையும் பாடப் புத்தகப் படம் போலவே அடுக்கினேன். மேலே ஒரு மின்கோடு, கீழே ஒரு மின்கோடு, நடுவில் முக்கோணங்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஐசிகள். அழகாக இருந்தது.

பாட்டும் வந்தது. இனி இரைச்சல் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அதற்கு என் காது உதவாது. ஆய்வுகூடத்தில் ஒலியின் மீடிறனை, அதாவது அதிர்வெண்ணை, கூட்டிக்கொண்டே போய், எதுவரை கேட்கிறது என்று பிள்ளைகளிடம் கேட்பேன். எனக்கு நின்ற பிறகும் பின்வரிசை வாங்கிலிருந்து, "மிஸ், எங்களுக்கு இன்னும் கேக்குது!" என்று கூவுவார்கள். ஆகவே சின்னக் காது வேண்டும் என்று மகளைக் கூப்பிட்டேன். கதிரையில் இருத்தி, ஹெட்போனை மாட்டி, ஊசியைத் தூக்கிவிட்டு, சத்தத்தைக் கூட்டினேன்.

"இரையுதோ பிள்ளை?"

"இரையுதும்மா. மழ மாதிரி."

"எந்தப் பக்கம்?"

"வலப்பக்கம்."

"இடப்பக்கம்?"

"இல்ல."

எனக்கு ஒரே புளுகம், தலைகால் தெரியாத சந்தோஷம். இடப்பக்கம் துளி இரைச்சலும் இல்லாமல் செய்துவிட்டேனே! வலப்பக்கத்தில் மட்டும் ஏதோ பிழை. வலப்பக்க ஐசியை மாற்றி, திரும்ப அவளைக் கூப்பிட்டேன். "வலப்பக்கம்" என்றாள். தடையிகளை மாற்றினேன். அதற்கும் "வலப்பக்கம்" என்றாள்.

சனிக்கிழமை வந்த கணவர் இதைக் கேட்டுவிட்டுச் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் சிரித்தார். "இடப்பக்கம் புசல்லாவ ஆளு செஞ்சது போல, அமைதியா இருக்கு. வலப்பக்கம் யாழ்ப்பாணத்து ஆளு. ஓயாம இரையுது. என்ன டீச்சர், சரிதானே?"

"உங்களிட்ட ஆர் கேட்டது?" என்றேன். மகள் அப்பாவோடு சேர்ந்து சிரித்தாள். அவருக்கு இடது புறமாக, அவர் தோளை ஒட்டிக்கொண்டு நின்றாள். வழக்கமாக நிற்கும் இடம் அது. அன்று அதை நான் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

நான் வேறு முடிவுக்கு வந்தேன். 072 இரையத்தான் செய்யும், நல்ல ஐசியாகப் போட வேண்டும் என்று. இரைச்சல் மிகக் குறைந்த, மிக வேகமான புதிய ஐசி ஒன்றைப் பற்றி வாசித்திருந்தேன். கடைக்காரரிடம் கேட்டேன். இருந்தது.

"இது ஒரிஜினலோ?"

"ஒரிஜினலெண்டு சொல்லித்தான் எனக்கும் தந்தாங்க டீச்சர்" என்றார் அவர். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள்.

வேகமான ஐசி என்பது பலகையில் இருக்கும் ஒவ்வொரு குறையையும் கண்டுபிடித்துப் பிடித்துக்கொள்ளும். அதற்கு மின் கொடுக்கும் கால்களின் அடியிலேயே, மின்னைத் தேக்கிவைக்கும் ஒரு சின்னக் கொள்ளளவி இருக்க வேண்டும், தள்ளி இருந்தால் பிரயோசனம் இல்லை. வெளியே போகும் வயர் உள்ளே வரும் வயருக்குப் பக்கத்தில் போகக் கூடாது. போனால் வெளியே போன சத்தம் திரும்ப உள்ளே வந்து, பெருகி, மறுபடி உள்ளே வந்து, ஐசி தானாகவே அலையத் தொடங்கிவிடும். இதெல்லாம் எனக்குத் தெரியும். பரீட்சைக்குக் கேட்டால் எழுதுவேன். ஆனால் பாடப் புத்தகப் படத்தில் அந்தக் கொள்ளளவி இல்லை, ஆகவே என் அழகான பலகையிலும் அது தூரத்தில், ஓரத்தில், மின் வந்து சேரும் இடத்தில் இருந்தது.

புதிய ஐசிகளைப் போட்டு மகளின் தலையில் ஹெட்போனை மாட்டினேன். "இரைச்சல் குறைவும்மா" என்றாள். "ஆனா வலப்பக்கம்தான்." பெட்டி மூடியை மூடிப் பார்ப்போம் என்று மூடினேன். மூடி வயர்களை ஒன்றோடொன்று அழுத்தியிருக்க வேண்டும்.

எனக்கே கேட்டது, ஹெட்போனுக்கு வெளியே, ஒரு முழத்துக்கு அப்பால். தகரத்தை ஆணியால் கீறினாற்போல ஒரு கீச்சொலி. அவள் ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள். எறிந்துவிட்டு வலது காதை இரண்டு கைகளாலும் பொத்தினாள். இரண்டு கைகளாலும், ஒரு காதை.

"என்னம்மா இது!" என்று அழுதாள். அன்று முழுவதும் "காதுக்குள்ள உய்ங்குது" என்றாள். விடிய எழும்பியபோது இல்லை என்றாள். நான் அவள் தலையைத் தடவிவிட்டு, பழுது என் பலகையில்தான் என்று பலகையைப் பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

மின்னைத் திரையில் கோடாகக் காட்டும் ஆய்வுகூடத்து அலைவுகாட்டியில் பார்த்தால் மெல்லிய கோடு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தடித்த பட்டை நின்றது. காதுக்குக் கேட்காத உயரத்தில் ஐசி ஓயாமல் அலைந்துகொண்டிருந்தது. விரலை வைத்தேன், சுட்டது. கொள்ளளவிகளைக் கழற்றி, ஐசியின் காலடியில், வயரே தெரியாத அளவுக்குக் கிட்டவாகப் பற்றவைத்தேன். வெளியே போகும் வழியில் ஒரு தடையி வைத்தேன். வயர்களைப் பெட்டியின் இரண்டு கரைகளுக்கும் பிரித்தேன். பட்டை ஒடுங்கி நூலாயிற்று. விரலை வைத்தேன், குளிர்ந்திருந்தது. இடைவேளை மணி அடித்தபோது எனக்குள்ளே ஒரு வெற்றிச் சந்தோஷம்.

வீட்டில் மகள் கிட்ட வரவில்லை. "நீங்க முதல்ல போடுங்க. மூடிய மூடுங்க. அப்பறம் நான்." போட்டேன், மூடினேன், இரண்டு பக்கமும் அமைதி. பிறகு அவள் மெல்ல மாட்டினாள்.

"நல்லா இருக்கும்மா. கொஞ்சம்தான் இரையுது."

"எந்தப் பக்கம்?"

"வலப்பக்கம்."

இனி ஒரு வழிதான். பழுது எங்கே என்று தெரியாவிட்டால் இரண்டு பக்கத்தையும் மாற்றிப் போடு, பழுதும் கூடவே மாறினால் அது அங்கே இருக்கிறது, மாறாவிட்டால் அதற்கு அப்பால் இருக்கிறது. பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுப்பதும் இதுதான். ஐசிகளை இடம் மாற்றினேன். இரைச்சல் மாறவில்லை. பிளேயரின் வயர்களை மாற்றினேன். மாறவில்லை. வெளியே போகும் வயர்களை மாற்றினேன். "வலப்பக்கம்தான்" என்றாள், கதிரையில் காலை ஆட்டிக்கொண்டு. அப்படியானால் சுற்றில் பழுது இல்லை, ஹெட்போனில்தான். அவள் தலையிலிருந்து அதைக் கழற்றி, முன்பின்னாகத் திருப்பி மாட்டினேன்.

"இப்ப?"

"வலப்பக்கம்."

"என்னடி விளையாடுறியோ? வடிவாக் கேட்டுச் சொல்லு. உனக்கென்ன, காது செவிடோ?"

அது நான் ஒவ்வொரு நாளும் சொல்லும் வசனம். சமையலறையிலிருந்து கூப்பிட்டு அவள் வராதபோது, வீதியைக் கடக்கும்போது, சாப்பாட்டு மேசையில். நம் வீடுகளில் சொல்லாத தாய் யார்? சொல்லி முடித்துவிட்டு அவளைப் பார்த்தேன். அவள் பொய் சொல்லவில்லை. எல்லாவற்றையும் மாற்றியாயிற்று. மாற்றாமல் இருந்தது அவளுடைய தலை மட்டும்.

ஹெட்போனைச் சரியாகத் திருப்பி மாட்டினேன். இசைத்தட்டை ஓடவிட்டேன். வலப்பக்கத்துக்குப் போகும் வயரைப் பிடுங்கினேன்.

"கேக்குதோ?"

"இல்லம்மா. நீங்கதான் கழட்டிட்டீங்களே."

ஹெட்போனை அவள் தலையிலிருந்து எடுத்து என் தலையில் வைத்தேன். இடப்பக்கத்தில் இசை ஓடிக்கொண்டிருந்தது. காதைப் பிளக்க ஓடிக்கொண்டிருந்தது.

என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள். "என்னம்மா? என்ன?"

"இந்தப் பக்கத்தில உனக்கு ஒண்டும் கேக்கேல்லையோ?"

"இடப்பக்கத்துல கேக்காதுதானே" என்றாள். எனக்கு விளங்கவில்லை என்று நினைத்து விளக்கினாள். "எல்லாருக்கும் வலக்கைதானேம்மா எழுதும்? இடக்கை சும்மாதானே கூட இருக்கு. அது மாதிரி. இடது காது தோடு போடத்தான்."

நான் கீழே இருந்துவிட்டேன், கதிரையில் அல்ல, நிலத்தில். கூட்டாளிகளோடு ஃபோனில் பாட்டுக் கேட்டால் இயர்போனை ஆளுக்கு ஒரு காதில் ஒன்றாகத்தானே மாட்டிக்கொள்கிறார்கள்? அவளுக்கு அதில் எந்த வித்தியாசமும் தெரிந்திருக்காது. ஒரு காதில்லாத உலகத்தை அவள் முழு உலகம் என்று நினைத்து வளர்ந்திருக்கிறாள். அதற்கு மேல், அவளுக்கென்று இருந்த அந்த ஒரே காதுக்குள்தான் நான் அந்தக் கீச்சொலியை விட்டிருக்கிறேன்.

அன்றிலிருந்து இடது காதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. அது போனது போனதுதான். வலது காது, வலது காது என்றே மனம் அடித்தது. பௌர்ணமிப் போயாவும் வார இறுதியும் சேர்ந்த விடுமுறைக்குக் கணவர் வந்திருந்தார். தனியார் வைத்தியசாலையில் காது வைத்தியர் விடுமுறை முடிந்துதான் வருவாராம். அந்த நாட்களில் நான் சமையலறைக்குள் கரண்டியைப் போட்டேன், கதவுக்குப் பின்னால் நின்று குசுகுசுத்தேன், அவள் படிக்கும்போது பின்னால் போய் விரலைச் சொடுக்கினேன்.

"அம்மா, கேக்குது. கரண்டி கேக்குது, விரல் கேக்குது, நீங்க அழுறதும் கேக்குது. சும்மா இருங்களேன்."

கணவர் முதலில் நம்பவில்லை. ஒழுங்கையில் அவளோடு கடைக்கு நடந்து போனார். திரும்பி வந்து வாசலிலேயே நின்றார். "நான் அவ இடப்பக்கமா மாறி நடந்து பாத்தேன். உடனே சுத்தி வந்து இந்தப் பக்கம் நிக்கிறா. திரும்பவும் மாறினேன். திரும்பவும் சுத்தி வாறா. எத்தன வருசமா இப்படிச் சுத்துறா, நம்ம ரெண்டு பேருக்கும் கண்ணு இல்லயா?" அவருடைய கேலி எல்லாம் எங்கேயோ போய்விட்டது.

வைத்தியர் கண்டி முஸ்லிம் பெண், என் வயதுதான் இருக்கும். கண்ணாடி அறைக்குள் மகளை இருத்தினார்கள். சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். இடது காதுக்கு விட்டபோது கை மடியிலேயே கிடந்தது. எனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் அந்தக் கை ஒருமுறை உயராதா என்று என் கை நாற்காலிக் கரையைப் பிடித்தது. பிறகு வலது. கை உயர்ந்தது. உயர்ந்தது. மீடிறன் கூடக் கூட, கை உயர முன் ஒரு சிறு தாமதம். அந்தத் தாமதத்துக்குள் நான் செத்துச் செத்துப் பிழைத்தேன். உயர்ந்தது.

"வலது காது நல்லா இருக்கு" என்றார் வைத்தியர். பிறகு வரைபில் ஒரு இடத்தைப் பேனையால் தொட்டார். "இதில மட்டும் ஒரு சின்னப் பள்ளம். கிட்டடியில பெரிய சத்தம் ஏதாவது கேட்டாவா?"

சொன்னேன். வைத்தியர் என்னைத் திட்டவில்லை. "பெரும்பாலும் திரும்பி வரும். இந்தப் பள்ளித் தவணை முடிய இன்னொருக்கா பார்ப்போம். ஆனா டீச்சர், இனி இதைப் பத்திரமாப் பாத்துக்கொள்ளுங்க. ஸ்பெயர் இல்ல." வரைபை மடித்துக்கொண்டே கேட்டார்: "சின்னதில கன்னம் வீங்கிக் காய்ச்சல் வந்ததா?"

கணவர் உடனே சொன்னார்: "பொன்னுக்கு வீங்கி வந்துச்சு டொக்டர். நாலு வயசுல." சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு படம் இருக்கிறது. வருபவர்களுக்கெல்லாம் காட்டிச் சிரிக்கும் படம். இரண்டு கன்னமும் பணிஸ் மாதிரி வீங்கி, கழுத்தில் என் தங்கச் சங்கிலி தொப்புள் வரை தொங்க, மகள் முறைத்துக்கொண்டு நிற்கிறாள். எங்கள் ஊரில் அதைக் கூகைக்கட்டு என்போம். இவருடைய தோட்டத்தில் பொன்னுக்கு வீங்கி. பொன் போட்டால் வற்றும் என்று இவர் ஒற்றைக் காலில் நின்றார். பௌதிகவியல் படிப்பிக்கிறவளிடம் இதைச் சொல்லுறியளோ என்று சிரித்துக்கொண்டேதான் சங்கிலியைக் கழற்றிப் போட்டேன். வீக்கம் தன்பாட்டில் வற்றியது. "பாத்தீங்களா டீச்சர்" என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அந்தக் காய்ச்சல் சில பிள்ளைகளுக்கு ஒரு காதைக் கொண்டுபோயிரும்" என்றார் வைத்தியர். "வலி இருக்காது. பிள்ளைக்குச் சொல்லவும் தெரியாது."

வீட்டுக்கு வந்து இருவரும் அந்தப் படத்துக்கு முன்னால் நின்றோம். அந்தப் படம் எடுத்த நாளன்றே காது போயிருக்கலாம். நாங்கள் கமராவுக்குப் பின்னால் நின்று, "இஞ்ச பார், சிரி" என்று கத்திக்கொண்டிருந்தபோதே போயிருக்கலாம். கணவர் படத்தைக் கழற்றக் கையை நீட்டினார்.

"ஏம்ப்பா கழட்டுறீங்க?" என்றாள் மகள். "அதுல நான் நல்லாத்தானே இருக்கேன்." படம் அங்கேயே இருக்கிறது. நாங்கள் இருவரும் அதைப் பார்க்காமல் நடக்கப் பழகிவிட்டோம்.

தவணை முடிவில் திரும்பப் பார்த்தார்கள். பள்ளம் இல்லை, கோடு நேராகிவிட்டது. வைத்தியர் தந்த வரைபை மடிக்காமல் பைக்குள் வைத்தேன். பஸ்ஸில் வரும்போது மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனி ரெக்கோட் கேக்கலாமா?" என்று கேட்டாள்.

கேட்கலாம் என்றேன், ஆனால் முதலில் பெட்டியைத் திறந்தேன். வேகமான ஐசிகள் இரண்டையும் கழற்றி எறிந்தேன். அலைவுகாட்டியில் கோடு நூலாகத்தான் இருந்தது, எனக்கும் தெரியும். இருந்தும் எறிந்தேன். பழைய 072 இரண்டையும் திரும்ப வைத்தேன், கொள்ளளவிகளை அவற்றின் காலடியிலேயே விட்டு. இரையட்டும், கத்தாமல் இருந்தால் போதும். பிறகு, இடப்பக்கச் சத்தமும் வலப்பக்கச் சத்தமும் சேர்ந்து இரண்டு காதுக்கும் ஒன்றாகப் போகும்படி செய்தேன். இரண்டையும் நேரே முடிச்சுப் போட்டால் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு மல்லுக்கட்டும். ஆளுக்கொரு தடையி வைத்துத்தான் சேர்க்க வேண்டும். சத்தம் ஒரு அளவுக்கு மேல் போகாமல் இன்னொரு தடையியும் வைத்தேன். ஒரு பின்னேரம் முழுவதும் என் காதிலேயே போட்டுக் கேட்டேன். மூடியைத் திறந்தேன், மூடினேன், பெட்டியைத் தட்டினேன், வயரை ஆட்டினேன். ஐசியின் முதுகில் விரலை வைத்துப் பார்த்தேன், காய்ச்சல் பிள்ளையின் நெற்றியைப் பார்ப்பதுபோல. குளிர்ந்திருந்தது. திரும்பவும் வைத்தேன்.

மகளுக்குப் பிடித்த இசைத்தட்டு ஒன்று உண்டு. என் சோதனை ஒவ்வொன்றும் முடிந்ததும், ஒன்று விடாமல் அதைத்தான் போட்டுக் கேட்டிருந்தாள், பாட்டு அவளுக்கு மனப்பாடம். அதைப் போட்டேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு வாயசைத்துக் கூடப் பாடத் தொடங்கினாள். நடுவில் வாய் நின்றது.

"அம்மா, இது வேற ரெக்கோடா?"

"இல்ல பிள்ளை. அதேதான்."

"இதுல வயலின் இருக்கே."

அந்தக் காலத்து ஒலிப்பதிவு. ஆளை ஒரு பக்கமும் வாத்தியத்தை மற்றப் பக்கமுமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். வயலின் முழுவதும் இடப்பக்கம். நான் கேட்டபோதெல்லாம் அது இருந்தது. அவளுக்கும் அது கேட்கிறது என்று நினைத்துத்தான் அருகில் இருந்து தாளம் போட்டிருக்கிறேன்.

அவள் பாட்டைத் திரும்பப் போடச் சொன்னாள். பிறகு அடுத்த பாட்டு. "இதுலயும் இருக்கு!" பெட்டியிலிருந்து இன்னொன்றை எடுத்து வந்தாள். அதிலும் ஏதோ இருந்தது, எங்கோ பின்னால் ஒரு மிருதங்கம். "இவ்வளவு நாளா எங்க இருந்துச்சு இதெல்லாம்?" என்று சிரித்தாள். அவளுக்கு வலது புறமாகப் போய் இருந்தேன். இப்போதெல்லாம் அங்கேதான் இருக்கிறேன்.

கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் கூட்டுங்கம்மா" என்றாள்.

என் கை குமிழில்தான் இருந்தது. தொடக்கத்திலிருந்தே அங்கேதான் இருந்தது. கூட்டலாம், தடையி இருக்கிறது, ஒன்றும் ஆகாது.

"கூட்டிட்டன்" என்றேன். குமிழை நான் தொட்ட இடத்திலிருந்து அசைக்கவில்லை.